சாயக்கழிவு சுத்திகரிப்புக்கு மிஷின் யாரிடம் வாங்குவது? மூன்று கொட்டேஷனோடு வந்த கேள்விக்குப் பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஈரோடு பக்கம் பின்னலாடைத் துணிக்குச் சாயம் போடும் பட்டறை. நாளொன்றுக்கு 2 லட்சம் லிட்டர் கழிவுநீர். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர வழியில்லை, சொந்தமாக ஈ.டி.பி. (கழிவுநீரை முதலில் சுத்தம் செய்யும் நிலையம்), ஆர்.ஓ. (மெம்பரேன் என்ற நுண்சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிப்பது), ஈவாப்பரேட்டர் (மிஞ்சும் உப்புத்தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்குவது) எல்லாம் போட்டாக வேண்டும். அகமதாபாத், கோவை, சென்னை என்று மூன்று ஊரிலிருந்து கொட்டேஷன் வந்திருக்கிறது. குறைந்த விலைக்கும் கூடிய விலைக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம். "யாரை நம்புவது? இந்தியாவில் நல்ல சப்ளையர் யார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயர் மட்டும் வேண்டும் என்றால் அது சுலபம். புனேயில் தெர்மாக்ஸ், மும்பையில் அயான் எக்ஸ்சேஞ்ச், சென்னையில் வா டெக் வாபாக். மூன்றுமே பெரிய கம்பெனிகள், பல பத்தாண்டு அனுபவம் உள்ளவை. ஆனால் 200 கே.எல்.டி. (நாளொன்றுக்கு 200 கிலோ லிட்டர், அதாவது உங்கள் 2 லட்சம் லிட்டர்) வேலைக்கு இப்படிப்பட்ட கம்பெனியின் தலைமை இன்ஜினியர் உங்கள் பட்டறைக்கு வந்து நிற்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். டீலரோ, ஒரு ஸ்டாண்டர்டு மாடலோதான் வரும். உங்கள் அளவிலான வேலையைப் பெரும்பாலும் எடுத்துச் செய்வது கோவை, சென்னை, அகமதாபாத், வதோதரா பக்கத்து நடுத்தரக் கம்பெனிகள்தான். அவர்களில் பிரமாதமானவர்களும் உண்டு, அட்வான்ஸ் வாங்கியதோடு போனை எடுக்காதவர்களும் உண்டு.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தொழிலில் "சப்ளையர்" என்று வருபவர் பெரும்பாலும் எதையும் முழுசாகத் தயாரிப்பவர் இல்லை, சேர்த்துக் கட்டுபவர். மெம்பரேன் டூபான்ட் கம்பெனியின் ஃபில்ம்டெக், டோரே, ஹைட்ரனாடிக்ஸ் என்று ஏதோ ஒன்றாக இருக்கும். ஹை பிரஷர் பம்ப் கிரண்ட்ஃபாஸ் அல்லது டான்ஃபாஸ். சாதாரண பம்புக்குக் கோவையை விட்டு வெளியே போக வேண்டியதே இல்லை. கசடைப் பிழிந்து தண்ணீரை எடுக்கும் ஃபில்டர் பிரஸ் பெரும்பாலும் குஜராத்திலிருந்து வரும். ஈவாப்பரேட்டர் பாடியை எங்கோ ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் வெல்டு பண்ணியிருப்பார்கள். திருச்சி பெல் ஆலையைச் சுற்றி வளர்ந்த துவாக்குடி பட்டறைகளில்கூட நல்ல கை இருக்கிறது. அப்படியானால் உங்கள் மூன்று கொட்டேஷனிலும் உள்ளே இருக்கும் சாமான்கள் ஏறத்தாழ ஒன்றுதான். பிறகு விலை மட்டும் எப்படி இரண்டு மடங்கு மாறுகிறது?

கடைசிப் பத்து சதவீதத்தில்தான். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம்.

உங்கள் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சம் லிட்டரில் 1,200 கிலோ உப்பு இருக்கிறது. தினமும் 1.2 டன். ஆர்.ஓ. 90 சதவீதம் நல்ல தண்ணீராகத் திருப்பித் தந்தால், மிச்சம் 20,000 லிட்டர் ரிஜெக்ட் (ஆர்.ஓ. ஒதுக்கித்தள்ளும் உப்புத்தண்ணீர்), அந்த 1.2 டன் உப்பும் ஏறத்தாழ முழுக்க அதற்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். இதைத்தான் ஈவாப்பரேட்டர் காய்ச்ச வேண்டும். 20 மணி நேர ஓட்டம் என்றால் மணிக்கு 1,000 லிட்டர். நான்கு எஃபெக்ட் (ஒன்றின் ஆவியே அடுத்ததைச் சூடாக்கும் நான்கு கட்டம்) ஈவாப்பரேட்டரில் ஒரு கிலோ ஸ்டீம் சுமாராக மூன்றரை கிலோ தண்ணீரை ஆவியாக்கும். ஆக மணிக்கு 285 கிலோ ஸ்டீம்.

ஆர்.ஓ. 90-க்குப் பதில் 80 சதவீதம்தான் தந்தால்? பார்க்கப் பத்து சதவீதம்தான் குறைந்திருக்கிறது. ஆனால் ரிஜெக்ட் 40,000 லிட்டர் ஆகிவிட்டது. ஈவாப்பரேட்டருக்கு வேலை இரட்டிப்பு, ஸ்டீம் இரட்டிப்பு, விறகுக்கும் நிலக்கரிக்கும் ஆகும் செலவு இரட்டிப்பு. நீங்கள் வாங்கியதோ மணிக்கு 1,000 லிட்டர் மிஷின். மீதி ரிஜெக்ட் டேங்கில் நிறையும். டேங்க் நிறைந்த பிறகு ஒன்று பட்டறையை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ராத்திரி யாரோ வால்வைத் திறப்பார்கள். இந்த வட்டாரத்தில் நடந்த தப்புகளில் பலவும் இப்படித்தான் ஆரம்பித்தன.

குறைந்த விலை கொட்டேஷனைப் பிரித்துப் பாருங்கள். ஆர்.ஓ. மீட்பு "92 சதவீதம் வரை" என்று எழுதி, அதற்கேற்ப ஈவாப்பரேட்டரைச் சின்னதாகக் காட்டியிருப்பார்கள். அந்த "வரை" என்ற சொல்லுக்குத்தான் இரண்டு மடங்கு வித்தியாசம். கூடிய விலைக்காரர் 85 சதவீதம் என்று கணக்குப் போட்டு ஈவாப்பரேட்டரைப் பெரிதாக வைத்திருந்தால், அவரை ஒரே பார்வையில் தள்ளிவிடாதீர்கள்.

திருப்பூர் இந்தப் பாடத்தை ஊர் மொத்தமாகப் படித்தது. நொய்யலில் சாயக்கழிவு போய், 1990-களில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதில் சாயத்தண்ணீர் தேங்கியது. கீழ்ப்பகுதி விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்று உத்தரவிட்டது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் சாயப்பட்டறைக்காரர்களின் மேல்முறையீட்டில் மூன்று மாதம் கெடு கொடுத்தது. அந்த இடைவெளியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கோடிக்கணக்கில் கடன் வாங்கி ஆர்.ஓ.வும் ஈவாப்பரேட்டரும் போட்டன. ஆர்.ஓ. ஓரளவு ஓடியது. ரிஜெக்ட்டைக் காய்ச்சும் கட்டத்தில்தான் எல்லாம் சிக்கியது. குழாய்களில் படிவு கட்டி, சொன்ன அளவில் பாதிகூட ஓட்ட முடியாமல் பல மிஷின்கள் நின்றன. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஊருக்கே வேலை போனது.

திரும்ப எழுந்தது எப்படி என்பதுதான் உங்களுக்கு முக்கியம். மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது, சரி. ஆனால் தொழில்நுட்ப ரீதியாகக் கதவு திறந்தது அருள்புரம் நிலையத்தில். ரிஜெக்ட்டை முழுக்கக் காய்ச்சி உப்பாக்கும் பிடிவாதத்தை விட்டுவிட்டு, அதிலிருக்கும் நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, உப்புத்தண்ணீராகவே சாயத்தொட்டிக்குத் திருப்பி அனுப்பலாம் என்று தமிழ்நாடு வாட்டர் இன்வெஸ்ட்மென்ட் கம்பெனி அங்கே செய்து காட்டியது. சாயம் போட எப்படியும் உப்பு வேண்டும். அப்புறம் எதற்குக் காசு கொடுத்துக் காய்ச்சுவது? மற்ற நிலையங்களும் அந்த வழிக்கு வந்தன. இன்று திருப்பூரில் 18 பொது நிலையங்கள் ஓடுகின்றன என்றால் அதில் இந்த பிரைன் (உப்புத்தண்ணீர்) மறுபயன்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே உங்கள் மூன்று பேரில் யார் பிரைனைத் திருப்பி எடுப்பது பற்றித் தானாகப் பேசினார் என்று யோசியுங்கள். யாருமே பேசவில்லை என்றால் நான்காவது ஆளைத் தேடுங்கள். இதைத் தெரியாமல் கொங்கு மண்டலத்தில் சாயக்கழிவு வேலைக்குக் கொட்டேஷன் கொடுப்பவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம், நீங்கள் எந்த உப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது. சாதா உப்பா, சோடியம் சல்ஃபேட்டா? உங்கள் கடிதத்தில் இல்லை. கொட்டேஷன் கொடுத்தவர்கள் கேட்டார்களா? சோடியம் சல்ஃபேட்டுக்கு ஒரு குணம் உண்டு. 32 டிகிரி வெப்பத்தில் தண்ணீரில் தாராளமாகக் கரையும்; பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கரைதிறன் பத்தில் ஒரு பங்காகிவிடும். ரிஜெக்ட்டை அடர்த்தியாக்கி, சில்லரில் குளிரவிட்டால், கிளாபர் உப்பு (நீர் சேர்ந்த சோடியம் சல்ஃபேட்) பளபளவென்று படிகமாக இறங்கும். அதை மறுபடி சாயத்துக்குப் போடலாம், காசு மிச்சம். சாதா உப்புக்கு இந்த வித்தை பலிக்காது. சூட்டிலும் குளிரிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான் கரையும். இரண்டையும் கலந்து பயன்படுத்தினால் முடிவில் கிடைப்பது எதற்கும் உதவாத கலப்பு உப்பு. திருப்பூரில் அந்தக் கலப்பு உப்பை மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்கிவைத்து, என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்கள். வாங்க ஆளில்லை, கொட்ட அனுமதியில்லை. எனவே உப்பை முதலில் முடிவு செய்யுங்கள். மிஷின் அதற்குப் பிறகு.

சாதா உப்பு என்றால் உலோகமும் மாறும். குளோரைடு ஏறிய சூடான தண்ணீர் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் புள்ளி புள்ளியாகத் தின்றுவிடும். 316எல் கொஞ்சம் தாங்கும்; அடர்த்தி ஏறும் கடைசி எஃபெக்ட்டுகளில் அதுவும் போதாது, டூப்ளெக்ஸ் 2205 ஸ்டீல் அல்லது டைட்டானியம் குழாய் வேண்டும். டைட்டானியம் என்றதும் விலை எங்கோ போகும், அது இயல்புதான். கொட்டேஷனில் வெறுமனே "எஸ்.எஸ்." என்று மட்டும் இருந்தால் பேனாவை எடுத்து வட்டம் போடுங்கள். எந்த கிரேடு, எந்தப் பாகத்தில், குழாயின் தடிமன் எவ்வளவு என்று எழுதி வாங்க வேண்டும். சரக்கு வந்து இறங்கியதும் சோதித்துப் பார்க்கவும் வேண்டும். 316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும், 304-ல் அது சேர்ப்பதில்லை. கடையில் கிடைக்கும் மாலி டெஸ்ட் கிட்டில் ஒரு சொட்டு விட்டு, சின்ன பேட்டரியை வைத்து அழுத்தினால் நிறம் மாறுவதில் தெரிந்துவிடும். பெரிய தொகை என்றால் உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும், துப்பாக்கி மாதிரி இருக்கும் பி.எம்.ஐ. கருவியோடு ஆளை ஒருநாள் வாடகைக்குக் கூப்பிடுங்கள். நேரே வெல்டுக்குப் பக்கத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யப்போகிறீர்கள் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

மெம்பரேன் விஷயத்தில் பிராண்டைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பெரிய பிராண்டுகள் எல்லாமே நன்றாக ஓடும். கவலைப்பட வேண்டியது அது புதுசா என்பதில். வேறு எங்கோ ஓடி ஓய்ந்த மெம்பரேனை ஆசிடும் காஸ்டிக்கும் போட்டுக் கழுவி, புது பிளாஸ்டிக் உறையில் அடைத்து விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு எலிமென்ட்டிலும் (மெம்பரேன் உருளை) சீரியல் நம்பர் இருக்கும். பட்டியலை வாங்கி, தயாரிப்புக் கம்பெனியின் இந்திய ஆபீசுக்கு மெயில் போட்டு உறுதிப்படுத்துங்கள். இன்னும் சுலபமான வழி தராசு. எட்டு இஞ்ச் எலிமென்ட்டைத் தண்ணீர் வடியவிட்டு நிறுத்தினால் புதுசு 15, 16 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். படிவு கட்டியது அதைவிட எவ்வளவோ கூடுதலாக இழுக்கும். இது பின்னால் ஓட்டும்போதும் உதவும். எந்த வெசலில் (எலிமென்ட்டுகளை அடுக்கும் குழாய்) முதலில் படிவு ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க, ஆபரேட்டர்கள் கடைசி எலிமென்ட்டைக் கழற்றி எடைபோட்டுப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இனி கொஞ்சம் கசப்பாக ஒன்று. மெம்பரேன் போனால் எல்லோரும் சப்ளையரைத் திட்டுவார்கள். பெருந்துறை பக்கம் ஒரு பட்டறையில் மெம்பரேன் சில மாதத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொண்டே இருந்தது. சப்ளையரோடு வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் போய்விட்டார்கள். தண்ணீர் மெம்பரேனை எவ்வளவு அடைக்கும் என்று காட்டும் எஸ்.டி.ஐ. டெஸ்ட் எடுத்துப் பார்த்தபோது, அதாவது 0.45 மைக்ரான் வட்டத் தாளில் 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தண்ணீரை 15 நிமிடம் விட்டுப் பார்த்தபோது, தாளில் அழுக்கு நிறமே இல்லை. விரலால் தொட்டால் மட்டும் வழவழவென்று எண்ணெய்ப்பிசுக்கு. சிலிகான் சாஃப்ட்னர்! துணிக்கு ஃபினிஷிங் கொடுத்த தொட்டியை அப்படியே பொதுச் சாக்கடையில் திறந்துவிட்டிருக்கிறார்கள். சிலிகானும், சாயம் கெட்டியாக நிற்கப் போடும் கேட்டயானிக் ஃபிக்ஸரும் மெம்பரேனில் ஒட்டினால் கழுவி எடுப்பது பெரும்பாடு. அந்தத் தொட்டிக்குத் தனி பைப் போட்டதும் பிரச்சினை அடங்கியது. சப்ளையர் மேல் தப்பு என்றால், முதல் நாளே பட்டறைக்குள் நடந்து எந்தத் தொட்டி எங்கே வடிகிறது என்று பார்க்கவில்லை என்பதுதான்.

எனவே என் முதல் வடிகட்டி இது: ஆபீசில் டீ குடித்துவிட்டு, கேட்லாக் வைத்துவிட்டுப் போனவரா, சாய மிஷினுக்குக் கீழே குனிந்து டிரெயினைப் பார்த்தவரா? கறுப்பு, நேவி ஓடும் நாளில் ஒரு சாம்பிள், வெள்ளை பிளீச்சிங் ஓடும் நாளில் ஒரு சாம்பிள் என்று கேட்டவர் யார்? பிளீச்சிங் தண்ணீரில் மிஞ்சும் பெராக்சைடும், எங்கிருந்தாவது வரும் குளோரினும் மெம்பரேனின் பாலிஅமைடு படலத்தைக் கெடுத்துவிடும். அதை அடக்க பைசல்ஃபைட் மருந்து சேர்க்கும் டோசிங்கும், அவை மிஞ்சியிருக்கின்றனவா என்று காட்டும் ஓ.ஆர்.பி. மீட்டரும் கொட்டேஷனில் இருக்கின்றனவா? நல்லவர் என்றால் நாலு இஞ்ச் மெம்பரேன் வைத்த சின்ன பைலட் ஸ்கிட்டைக் கொண்டுவந்து, உங்கள் தண்ணீரிலேயே இரண்டு மூன்று வாரம் ஓட்டிக் காட்டுவார். அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் கொடுங்கள்.

முன்சுத்திகரிப்பில் சுண்ணாம்பும் ஃபெர்ரஸ் சல்ஃபேட்டும் போட்டு நிறத்தை இறக்கலாம் என்று யாராவது எழுதியிருந்தால் ஜாக்கிரதை. பழைய முறை, மலிவு, நிறமும் உடனே இறங்கும். ஆனால் கடினத்தன்மை ஏறி ஆர்.ஓ.வில் படிவு கட்டும், ஸ்லட்ஜ் (கசடு) மலையாகக் குவியும். அந்த ஸ்லட்ஜ் 2016 விதிகளின்படி அபாயக் கழிவு. அனுமதி பெற்ற இடத்துக்கோ சிமென்ட் ஆலைச் சூளைக்கோதான் அனுப்ப முடியும், அதற்கும் செலவு. பாக்டீரியா வைத்துச் செய்யும் உயிரியல் முறைக்குப் பெரிய தொட்டி வேண்டும், ஸ்லட்ஜ் குறைவு. இடம் இருந்தால் அதுவே மேல்.

ஃபில்டர் பிரஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாலிபுரொப்பிலீன் தட்டு, நல்ல ஹைட்ராலிக் சிலிண்டர், கூடவே ஒரு செட் உபரித் துணி. இதில் அகமதாபாத்காரர்களை விலையில் யாரும் ஜெயிக்க முடியாது. ஜெயிக்கத் தேவையும் இல்லை.

அக்ரிமென்ட்டில் என்ன இருக்க வேண்டும்? உள்ளே வரும் தண்ணீருக்கு ஒரே எண்ணாகப் போடாமல், சி.ஓ.டி. (கரிம அழுக்கைக் காட்டும் அளவு) இவ்வளவிலிருந்து இவ்வளவு, டி.டி.எஸ். இவ்வளவிலிருந்து இவ்வளவு என்று வீச்சாகப் போடுங்கள். ஒரே எண் போட்டால், பின்னால் ஒருநாள் அது தாண்டியதைக் காட்டி கியாரண்டியிலிருந்து நழுவிவிடுவார்கள். வெளியே வரும் பக்கம் ஆர்.ஓ. மீட்பு, ஈவாப்பரேட்டர் மணிக்கு எத்தனை லிட்டர், ஒரு கிலோ லிட்டருக்கு எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை கிலோ ஸ்டீம், திரும்பக் கிடைக்கும் உப்பின் தூய்மை, மெம்பரேன் எத்தனை வருடம், முன்னாலேயே போனால் விகிதப்படி யார் செலவு என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். வழக்கமாகக் கேட்பது 30 சதவீத அட்வான்ஸ், அனுப்பும் முன் பெரும்பகுதி, கடைசியில் ஒரு 10. அந்தக் கடைசியை 20 ஆக்கி, தொடர்ந்து 90 நாள் ஓடிய பிறகு தருகிறேன் என்று பேசுங்கள். அட்வான்ஸுக்கு பேங்க் கியாரண்டி கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது இதை வாங்குங்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். மிஷினை ஓட்டிக்கொண்டே கடைசிப் பாக்கியை வருடக்கணக்கில் இழுத்தடிக்கும் பட்டறைகள் நம் ஊரில் குறைவா என்ன? மத்திய அரசின் உதயம் பதிவுள்ள குறு, சிறு கம்பெனி என்றால் சட்டப்படி 45 நாளுக்குள் தர வேண்டும். எந்தத் தேதியில் எந்த நிபந்தனை நிறைவேறினால் தொகை விடுவிக்கப்படும் என்பதைத் தெளிவாக எழுதினால் நல்ல சப்ளையர் பயப்பட மாட்டார்.

அப்புறம், ரெஃபரன்ஸ் பார்க்கப் போவது. சப்ளையரோடு காரில் போகாதீர்கள். குறைந்தது இரண்டு வருடம் ஓடிய ஆலைகளின் பட்டியலை வாங்கி, நீங்களாகத் தனியாகப் போங்கள். ஓனரைவிட ஷிஃப்ட் ஆபரேட்டரிடம் அதிக நேரம் பேசுங்கள். லாக் புக்கில் ஈவாப்பரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பத்தியைப் பாருங்கள். எல்லா நாளும் ஒரே எண், ஒரே கையெழுத்து, ஒரே பேனா என்றால் மொத்தமாக உட்கார்ந்து எழுதியது. உப்பு மூட்டை எங்கே என்று கேளுங்கள். தினமும் ஒரு டன் உப்பு வர வேண்டிய ஆலையில் மூலையில் நாலு மூட்டை மட்டும் தூசி படிந்து கிடந்தால், அந்த ஈவாப்பரேட்டர் காட்சிக்கு நிற்கிறது. கரண்ட் பில்லையும் காட்டச் சொல்லுங்கள், காட்டினால் அதிர்ஷ்டம்.

உங்கள் மூன்று கொட்டேஷனில் எது சரி என்று இப்போதைக்கு நான் சொல்லப் போவதில்லை, காரணம் மூன்றும் மூன்று விதமான தண்ணீருக்குப் போட்ட கணக்காகத் தெரிகிறது. இரண்டு வாரத் தண்ணீர் ரிப்போர்ட், என்ன உப்பு, எந்தத் தொட்டி எங்கே வடிகிறது, பட்டறைக்குத் திரும்ப எவ்வளவு தண்ணீரும் பிரைனும் வேண்டும் என்று ஒரே தாளில் எழுதி, மூவருக்கும் அதையே அனுப்பி, மீட்பு 85 சதவீதம் என்று வைத்து மறு கொட்டேஷன் கேளுங்கள். அது வந்த பிறகு ஈவாப்பரேட்டர் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்பினால் போதும், பார்த்துச் சொல்கிறேன்.